எண்பது சொல், காற்புள்ளியிட்டு

கல்லடியில் எட்டு அறை விடுதி.
முதலாளி தவனேசன்
எவரோ சொல்லிக் கேட்டு வந்திருந்தார்:
பக்கத்தின் தலையில் ஒரு வரி இருக்காம்,
கண்ணுக்குத் தெரியாதாம்,
அதில் எண்பது சொல் போட்டால்
கூகிள் வீடு தேடி வருமாம்.

அந்த வரியை இப்ப ஆரும் வாசிக்கிறதில்ல அண்ணன், என்றேன்.
ஒருகாலம் வாசித்தது.
செருப்பு விற்றவன் தங்கம் என்று எழுதினான்,
கோழிக்கடைக்காரன் நடிகைகளின் பெயரை எழுதினான்,
ஒரே சொல்லை நூறு தரம் அடுக்கினான் இன்னொருவன்.
தேடுகிற இயந்திரம் பொறுத்துப் பார்த்தது,
மறுகா அந்தப் பக்கம் திரும்புவதையே விட்டது.

"கிடக்கட்டும் புள்ள.
வாசிக்காட்டியும் கிடக்கட்டும்.
சொல்லுக்குப் பத்து ரூபா தாறன்."

காற்புள்ளி விழுந்தால் ஒரு சொல். அதுதான் ஒப்பந்தம்.

பேக்கரிக்கு மேலே என் அறை,
இரவு ஒன்பதரை, கீழிருந்து பணிஸ் வாசம்.
மட்டக்களப்பு என்று தொடங்கினேன்.
பிறகு ஆங்கிலத்தில்: இரண்டு டி, ஒரு டி,
இரண்டு எல், அவசரக்காரருக்காக
கடைசி எழுத்தை விழுங்கியது ஒன்று.
இப்படி ஓர் ஊர் ஏழு ஊராயிற்று.
கடற்கரை, மலிவு அறை, தேனிலவு, குளிரூட்டி,
பாடும் மீன்.
அது இல்லாவிட்டால் தவனேசன் காசு தரமாட்டார்.
அந்த விடுதியில் பாடுவது தண்ணீர் மோட்டார்.

நாற்பத்தொன்றில் சொல் தீர்ந்தது.

ஆரும் வாசிக்காத வரிதானே.
நாற்பத்திரண்டு: பகலில் அடிக்கடி கரண்ட் போகும்,
சமையல்காரர் சுகிர்தன் நல்லவர் உப்புத்தான் கூட,
மூன்றாம் அறைக் கதவைத் தூக்கித்தான் பூட்ட வேண்டும்,
கிணறு இன்னும் உவர்,
சவுக்கு மரங்கள் பிறகு நட்டவை,
ஆறாம் அறைக் கட்டிலுக்குப் பின்னால்
எத்தனை பெயின்ட் அடித்தாலும் ஊறி வரும்
அலை நின்ற கோடு,
என் தலைக்கு ஒரு சாண் மேலே,

இப்படியே எண்பது வரை போனேன்.
எல்லாரும் காணும் பக்கத்தில்
சொர்க்கத்தின் வாசல் என்று
நீலத்தில் எழுதியதும் நான்தான்.

அவர் விரல்விட்டு எண்ணினார், வாசிக்கவில்லை.
முதல் வரியில் மட்டும் கண் நின்றது.
ஓர் ஊருக்கு ஏழு தரம் காசா?
அறுபது ரூபாயைக் கழித்துத் தந்தார்.

நாலு மாதம் போனது.
பாசிக்குடாவில் புதிதாக ஒரு விடுதி.
அதன் பக்கத்தைத் திறந்து மூலத்தைப் பிரித்தேன்,
தொழில் பழக்கம்,
அடுத்தவன் சட்டியில் என்ன கொதிக்கிறதென்று.
என் வரி கொதித்தது.
எண்பதும் அப்படியே. கல்லடியைக்கூட மாற்றவில்லை.
அறுகம்பேயில் இன்னொன்று:
அங்கேயும் சுகிர்தன்
உப்பைக் கூட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.
சிரித்துச் சிரித்துத் தேநீர் ஆறிப்போனது.

மூன்றாவது, சாய்ந்தமருதில்.
ஏனோ எண்ணினேன்.
எண்பத்தொன்று.
திரும்பவும் எண்ணினேன்.
ஆறாம் அறைக்கும் அடுத்த பொய்க்கும் இடையே
என்னுடையதல்லாத ஒன்று கிடந்தது:

எங்கட ஊட்டுச் சுவரில நெஞ்சு மட்டம்,

ஆக, ஒருவர் வாசித்திருக்கிறார்.
திருடும்போது வாசித்திருக்கிறார்.
பக்கத்தின் அடியில் செய்தவர் பெயர் இல்லை,
விடுதியின் தொலைபேசி இலக்கம் இருந்தது.
எடுத்தால், எத்தனை பேருக்கு அறை என்பார்கள்.

தவனேசனின் பக்கத்தைத் திறந்தேன்.
இதற்குப் பத்து ரூபாய் கேட்கப்போவதில்லை.
கோட்டுக்குப் பக்கத்தில் இடம் பிரித்து
எண்பத்தொன்றாவதை எழுதினேன்:

அப்ப உங்களுக்கு எத்தின வயசு,